வேதாளம் வளர்த்த தமிழ்

ஆஸ்டின் டவுனில் நம் காலனிப் பெற்றோர் இருவர் மூவர் கூடுமிடத்தெல்லாம் அண்மைக் காலமாக இரண்டு முறையீடுகள் காதில் விழுந்தவண்ணம் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தலையணை கனத்திற்கு இருக்கும் ஆங்கில மாயாஜால நாவல்களில் மூழ்கிவிடுகிறார்கள் என்பது. மந்திரம் கற்பிக்கும் பள்ளி, நெருப்பைக் கக்கும் பறக்கும் நாகம், பேசும் சிங்கம், மறைந்து திரியும் மோதிரம் என்று அவர்கள் உலகமே வேறாகிவிட்டதாம். மற்றொன்று, வீட்டில் தமிழ் பேசும் அதே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை என்பது. இவ்விரண்டையும் தனித்தனிக் குறைகளாகவே நாம் பேசி வருகிறோம். நம் இலக்கிய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், முதலில் சொன்னதை நாம் நோய் என்று எண்ணுகிறோம் என்பதும், அதுவே இரண்டாவது குறைக்கு மருந்தாகக் கூடும் என்பதும் விளங்கும். அதை எடுத்துக் கூறுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும். நான் புலவனல்லன், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளுபவன். ஆயினும் கதைப் புத்தகங்களோடு எனக்குள்ள உறவு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

காப்பியங்களில் மாயம்

மாயக் கதை என்பது மேனாட்டார் நமக்கு அனுப்பிய சரக்கு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் எண்ணுவோர் மணிமேகலையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். உறங்கும் பெண்ணைத் தெய்வம் ஒன்று வான்வழியே தூக்கிச் சென்று மணிபல்லவம் என்னும் தீவில் விடுகிறது. வேற்றுருக் கொள்ளவும், வானில் பறக்கவும், பசியைப் பொறுக்கவும் அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிட்டுகின்றன. கோமுகிப் பொய்கையிலிருந்து, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி வெளிப்படுகிறது. எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் கொண்ட காயசண்டிகையின் பசி, அப்பாத்திரத்திலிருந்து பெற்ற சோற்றால் ஒரு நொடியில் தணிகிறது. இவ்வளவு மாயமும் எதற்காக? உலகில் பசிப்பிணி தீர வேண்டும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக வேண்டும் என்னும் உயர்ந்த கருத்தை நெஞ்சில் நிறுத்துவதற்காக என்க.

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் அரசன், பகைவர் சூழ்ந்தபோது, கருவுற்றிருந்த தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி வானத்தில் அனுப்புகிறான். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே பிறக்கிறான் காப்பியத் தலைவன். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் வீரர்களை உள்ளே ஒளித்துவைத்த பொய் யானை ஒன்றைக் காட்டி உதயணனைச் சிறைப்பிடிக்கிறார்கள். சிந்தாமணியை 1887 ஆம் ஆண்டிலும், மணிமேகலையை 1898 ஆம் ஆண்டிலும், பெருங்கதையை 1924 ஆம் ஆண்டிலும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றித் தந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பறக்கும் மயிலும் வற்றாத பாத்திரமும் இருக்கின்றனவே என்று அப்பெரியார் அந்நூல்களை ஒதுக்கவில்லை. தம் வாழ்நாளையே அவற்றுக்கு ஈந்தார்.

காட்டில் எரிந்த கதை

பெருங்கதைக்கு மூலம் குணாட்டியர் என்பார் பைசாச மொழியில் செய்த பிருகத்கதை. அம்மூல நூல் இன்று கிடைக்கவில்லை. ஆனால் அது பிறந்த வரலாற்றைக் காசுமீரத்துச் சோமதேவர், பதினோராம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் கதையாகவே சொல்லிவைத்திருக்கிறார்.

குணாட்டியர் தம் குருதியையே மையாகக் கொண்டு ஏழு லட்சம் சுலோகங்களில் பெருங்கதையை எழுதி முடித்தார். மாணாக்கர் அதைச் சாதவாகன மன்னனிடம் எடுத்துச் சென்றனர். இழிந்த மொழியில், குருதியால் எழுதிய கதையா என்று மன்னன் இகழ்ந்து தள்ளினான். மனம் நொந்த குணாட்டியர் காட்டில் தீ வளர்த்து, ஒவ்வோர் ஏடாகப் படித்துப் படித்துத் தீயில் இட்டார். மானும் பன்றியும் எருமையும் வந்து சூழ்ந்து நின்று, மேய்ச்சலை மறந்து, கண்ணீர் பெருகக் கேட்டனவாம். விலங்குகள் இளைத்ததால் அரண்மனை மடைப்பள்ளிக்கு வந்த இறைச்சியில் சாரமில்லாமற் போயிற்று. மன்னன் நோயுற்றான். காரணம் தேடி அவன் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு பங்கு எரிந்து, ஒரு பங்கே எஞ்சியிருந்தது. அதையேனும் தந்தருள வேண்டும் என்று மன்னன் இறைஞ்சிப் பெற்றான்.

பெரியவர்கள் இகழ்ந்த கதையைப் பேசத் தெரியாத உயிர்கள் பசியை மறந்து கேட்டன என்பதில் அடங்கியிருக்கும் நயத்தை வாசகர்கள் உணர்வார்கள். பள்ளி விட்டு வந்த சிறுவன் தட்டில் வைத்த பலகாரம் ஆறுவதும் அறியாமல் கதையில் ஆழ்ந்திருக்கும் காட்சியை நம் வீடுகளில் நாம் காண்கிறோம் அல்லவா?

இதில் நாம் வாழும் மண்ணுக்கும் பங்குண்டு என்பதை நம்மவருள் சிலரே அறிவர். கங்க மரபினர் ஆண்ட நாட்டின் ஒரு பகுதியே இன்றைய பெங்களூர். நகரின் தெற்கே பேகூரில் பெங்களூர் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் ஒன்பதாம் நூற்றாண்டு நடுகல் அவர்கள் காலத்ததே. அம்மரபில் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த துர்விநீதன் என்னும் அரசன் பிருகத்கதையை வடமொழியில் ஆக்கினான் என்று கங்கர் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் நூலைத் தழுவியே கொங்குவேளிர் தமிழில் பெருங்கதையைச் செய்தார் என்பது அறிஞர் சிலர் கருத்து. அக்கருத்துப்படி நோக்குமிடத்து, நாம் இன்று குடியிருக்கும் நாட்டின் அரசன் ஒருவன் கைப்பட்ட மாயக் கதையே தமிழுக்கு ஒரு காப்பியமாக வந்து சேர்ந்தது. கன்னட நாட்டுக்கும் தமிழுக்கும் இடையே இதைவிட இனிய பழைய உறவு வேறென்ன வேண்டும்?

பெரிய எழுத்துப் புத்தகங்கள்

ஏட்டிலும் நாவிலும் இருந்த கதைகள் அச்சுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சென்னைக் கல்விச் சங்கத்திற்காகத் தாண்டவராய முதலியார் மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1835 ஆம் ஆண்டில் அச்சுக்கூடங்களின் மேலிருந்த தடைகள் சட்டத்தால் நீக்கப்பட்டதும், நம்மவர் தாமே அச்சுக்கூடம் வைக்க வழி பிறந்தது. அதன்பின் விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை முதலியன பெருகின. சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் இவற்றைப் பெரிய எழுத்துப் பதிப்புகளாக மலிவு விலையில் வெளியிட்டனர். எழுத்தைப் பெரிதாக்கியதற்குக் காரணம் எளிது. புதிதாகப் படிக்கத் தெரிந்துகொண்டவர்களும், பார்வை மங்கியவர்களும், அகல் விளக்கின் ஒளியில் கூட்டிப் படிப்பவர்களும் அவற்றின் வாசகர்கள். ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்பது அக்கால வழக்கம்.

அப்பெரிய எழுத்துப் புத்தகங்களில் தலைமை பெற்றது விக்கிரமாதித்தன் கதையே. சிம்மாசனத்தின் முப்பத்திரண்டு படிகளிலும் உள்ள பதுமைகள் வாய் திறந்து போசராசனுக்கு ஆளுக்கொரு கதை சொல்கின்றன. ஆயிரம் ஆண்டு அரசாள வரம் பெற்ற விக்கிரமாதித்தனுக்கு, நாட்டில் ஆறு மாதமும் காட்டில் ஆறு மாதமும் இருந்தால் அது இரண்டாயிரம் ஆண்டாகும் என்று மந்திரி பட்டி யோசனை சொல்கிறான். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று நாம் இன்றும் பேச்சில் வழங்குவது அக்கதையிலிருந்து வந்ததே. மதனகாமராஜன் கதையைப் பண்டித நடேச சாஸ்திரியார் 1886 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். நாம் வாய்மூலக் குப்பை என்று ஒதுக்கியது கடல் கடந்தும் வாசகர்களைப் பெற்றது.

படித்த வகுப்பினர் இப்புத்தகங்களை மதித்தாரில்லை. இலக்கணம் கற்றவர் இவற்றில் பிழை கண்டனர்; பகுத்தறிவு பேசியவர் பேயும் பூதமும் கண்டனர்; பள்ளி ஆசிரியர் வீண்பொழுது கண்டார். எனினும் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன எத்தனையோ பேருக்குக் கற்ற எழுத்து மறந்துபோகாமல் காத்தவை இவையே என்று துணிந்து கூறலாம்.

1947 ஜூலை

பெங்களூர் தண்டுப் பகுதி 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படைகளுக்காக அமைந்தது. படையோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வந்து குடியேறினர். 1864 ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் சென்னைக்கும் நமக்கும் இடையே இருந்த தூரம் ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கியது. சென்னையில் அச்சான தமிழ்ப் புத்தகமும் பத்திரிகையும் மூட்டை மூட்டையாக ரயிலேறி இங்கு வந்தன. நம் ஆஸ்டின் டவுனும் அடங்கிய அந்த சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது 1947 ஜூலையில்.

அதே ஜூலையில் சென்னையில் அம்புலிமாமா பிறந்தது. தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் ஒரே காலத்தில் அதைத் தொடங்கியவர்கள் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் ஆவர். 1949 ஆம் ஆண்டில் கன்னடத்திலும் சந்தமாமா வரத் தொடங்கியது. தண்டு நகராட்சியும் பேட்டை நகராட்சியும் இணைந்து ஒரே பெங்களூர் மாநகராட்சி ஆனதும் அதே 1949 இல்தான். இவை தற்செயலாக ஒன்றிவந்தவையே. ஆயினும் அதன்பின் நம் தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் தமிழ்ச் சிறுவனும் கன்னடச் சிறுவனும் ஒரே மாதத்தில் ஒரே வேதாளத்தைத் தத்தம் மொழியில் படித்தார்கள் என்பதை எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது. பின்னர் அவ்விதழ் பன்னிரண்டுக்கு மேற்பட்ட மொழிகளில் வெளிவந்தது.

அம்புலிமாமாவை நினைத்தால் முதலில் கண்முன் நிற்பது ஒரு சித்திரம். ஒரு கையில் உருவிய வாள். தோளில் வெண்ணிற வேதாளம். சுற்றிலும் சுடுகாட்டு இருள். நடுவே அஞ்சாமல் அடியெடுத்து வைக்கும் அரசன். அதை வரைந்தவர் சங்கர் என்று கையொப்பமிட்ட கே. சி. சிவசங்கரன். 1924 இல் பிறந்து, 1952 இல் அவ்விதழில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் ஓயாது வரைந்து, 2020 இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். மறைந்தபின் 2021 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறையின் கனவில் வந்த உருவங்களுக்கெல்லாம் கை கொடுத்தவர் அவர் என்றால் மிகையாகாது.

மாயக் கதையின் சுவை அக்காலத்தில் திரையிலும் பரவியது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்தின் பாதாள பைரவி 1951 ஆம் ஆண்டிலும், மாயா பஜார் 1957 ஆம் ஆண்டிலும் வந்தன. குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950 ஆம் ஆண்டில் அழ. வள்ளியப்பா முதலியோர் முயற்சியால் தோன்றியது. கண்ணன், அணில், ஜில் ஜில், பூஞ்சோலை என்று சிறுவர் இதழ்கள் பெருகின. வாண்டுமாமா என்னும் பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தி, சிறுவர்களுக்காகவே நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தார். 1972 ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. 1962 இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் பிறந்த அம்மாயாவி, மின்சாரத்தைத் தொட்டதும் இரும்புக் கை ஒன்று மட்டும் தெரிய மற்றெல்லாம் மறைந்துபோகும் விந்தை மனிதன். அவன் தமிழ் பேசத் தொடங்கியதும் நம்மவனாகவே ஆகிவிட்டான்.

எழுத்தைக் கற்பித்த ஆசிரியர்

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். என் பள்ளிக் கல்வி கன்னட வழியில் நடந்தது. தமிழ் எழுத்துகளை என் தாயார் அடுப்படியில் மாக்கோலப் பொடியால் எழுதிக் காட்டினார். எழுத்து தெரிந்ததே யொழியப் படிப்பு வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பது போல இருந்தது. அந்நாளில் பக்கத்துத் தெரு வாடகை நூல்நிலையத்திலிருந்து என் தந்தையார் பழைய அம்புலிமாமா இதழ்களை எடுத்து வருவார். வேதாளக் கதையை உரக்கப் படித்து, வேதாளம் வினாவை விடுக்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரவுப் பணிக்குப் புறப்பட்டுவிடுவார். அரசன் என்ன விடை சொன்னான் என்று அறியாமல் உறக்கம் வருமா? நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சில மாதங்களில், எழுத்துக் கூட்டுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் படித்தேன். வாசகம் கற்பித்த ஆசிரியர் யார் என்று எவரேனும் கேட்டால், முருங்கை மரத்தில் தொங்கும் அந்த வேதாளமே என்று கூசாமல் கூறுவேன்.

இக்கதைகள் இளம் உள்ளத்தை ஏன் இவ்வாறு ஈர்க்கின்றன? எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

முதலாவது, இக்கதைகள் சிறுவனைச் சிந்திக்க அழைக்கின்றன. வேதாளம் கதை சொல்லி முடித்ததும், இவர்களுள் குற்றவாளி யார், தியாகி யார் என்று கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். பக்கத்தைப் புரட்டுமுன் சிறுவன் தானே அரசனாகி நீதி சொல்லிப் பார்க்கிறான். பாடப் புத்தகத்தின் வினாவுக்கு விடை எழுதுவது மதிப்பெண்ணுக்காக; வேதாளத்தின் வினாவுக்கு விடை தேடுவது தலையைக் காத்துக்கொள்வதற்காக!

இரண்டாவது, இக்கதைகளில் சிறியோர் வெல்கின்றனர். அரசனின் கடைக்குட்டி மகன், விறகுவெட்டியின் மகள், எல்லோரும் அசடன் என்று தள்ளியவன், இவர்களே ஏழு கடல் ஏழு மலை தாண்டிச் சென்று கிளியின் உடலில் ஒளிந்திருக்கும் அரக்கனின் உயிரைக் கண்டெடுக்கிறார்கள். வீட்டிலும் பள்ளியிலும் எல்லோருடைய ஏவலுக்கும் ஆட்பட்டிருக்கும் குழந்தைக்கு இது எத்தகைய ஆறுதல்! பிழைப்பு நாடி வேற்றூர் வந்து குடியேறிய நம் போன்ற குடும்பத்துக் குழந்தைக்கு அவ்வாறுதல் இருமடங்கு தேவை.

மூன்றாவது, மாய உலகில் கட்டுப்பாடு உண்டு. மந்திரத்தை இத்தனை முறைதான் சொல்லலாம், திரும்பிப் பார்க்கலாகாது, கொடுத்த வாக்கை மீறினால் பெற்ற வரம் போய்விடும். மாயம் என்பது மனம்போன போக்கு என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை. வாக்குத் தவறாமை, பொறுமை, எளியாரிடத்து இரக்கம் ஆகியவற்றைக் கட்டளையாகக் கூறினால் கேளாத பிள்ளை, கதையின் விதியாகக் கூறினால் உடனே ஒப்புக்கொள்கிறது.

குறைகளும் அவற்றுக்கு மறுமொழியும்

இக்கதைகளில் குறையே இல்லை என்று வாதிடுவது என் கருத்தன்று. பெரிய எழுத்துக் கதைகள் சிலவற்றில் பெண்களை வஞ்சகர் என்று பழித்தலும், பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுதலும், கொடிய தண்டனைகளைச் சுவைபட வருணித்தலும் உண்டு. அவற்றை அப்படியே இளையோர் கையில் தருதல் தகாது. நெல்லில் பதர் இருக்கிறதென்று எவரும் வயலையே கொளுத்துவதில்லை, தூற்றி எடுத்துக்கொள்கிறார்கள்.

மாயக் கதை பிள்ளைகளை வாழ்க்கையிலிருந்து ஓடச் செய்கிறது என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இதற்கு விடையளித்தவருள் சிறந்தவர், மோதிரத்தைப் பற்றிய மாபெரும் மாயக் கதையை எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் டோல்கியன். 1939 ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவு விரிவாக்கப்பெற்று, அம்புலிமாமா பிறந்த அதே 1947 இல் கட்டுரையாக வெளிவந்தது. போர்க்களத்தைவிட்டு ஓடும் வீரன் வேறு. சிறையில் அடைபட்டுத் தன் வீட்டை நினைத்துக்கொண்டிருக்கும் கைதி வேறு. இருவரையும் ஒன்றாக வைத்துப் பழித்தல் முறையன்று என்பது அதில் அவர் கூறிய கருத்தின் சாரம். விண்ணப்பப் படிவங்களுக்கும் பதிவேடுகளுக்கும் இடையே பகலைக் கழிக்கும் என் போன்றவனுக்கு அக்கருத்தின் உண்மை நன்கு புலப்படுகிறது.

இடைவெளி

இவ்வளவு செழித்த தோட்டம் பிறகு ஏன் வாடியது? சிறுவர் இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தொலைக்காட்சி வந்தது, வாடகை நூல்நிலையங்கள் மூடப்பட்டன. அம்புலிமாமா 1998 இல் தொழில் தகராறு காரணமாக நின்று, ஓராண்டு இடைவெளிக்குப்பின் மீண்டு, 2007 இல் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, 2013 அளவில் அச்சில் வருவது ஒழிந்தது. அதற்கு இணையாக மற்றொன்று நடந்தது. 1997 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹாரி பாட்டர் முதல் நூல் வந்து, சில ஆண்டுகளில் உலகெங்கும் சிறுவர்களைப் பற்றிக்கொண்டது. குழந்தையின் மாயக் கதைப் பசி யானைத்தீ போன்றது. தமிழில் பரிமாறுவார் குறைந்தபோது அது ஆங்கிலத்தில் உண்ணச் சென்றது. இதற்குக் குழந்தையைக் கடிதல் நியாயமோ?

ஆங்கில நூல்களை நான் பழிக்கவில்லை. எம்மொழியிலாயினும் ஐந்நூறு பக்கம் அமர்ந்து படிக்கும் பிள்ளை போற்றத்தக்க பிள்ளையே. படிக்கும் ஆற்றல் ஒருமொழியில் வேரூன்றிவிட்டால் மற்றொரு மொழிக்கு அது எளிதில் படரும். நாம் பந்தல் போட வேண்டும், அவ்வளவே.

பேசும் பதுமைகள் மீண்டும் வந்தன

பந்தலுக்குக் கொம்பு இல்லாமலில்லை. தினமணி சிறுவர்மணியில் ஜெயமோகன் தொடராக எழுதிய பனி மனிதன் இமயத்தின் பனிவெளிக்கு இளையோரை இட்டுச் சென்றது. சாகித்திய அகாதெமி 2010 ஆம் ஆண்டு முதல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனியாகப் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகிறது. தமிழில் அதைப் பெற்ற நூல்களைப் பார்க்கும்போது வியப்பொன்று தோன்றுகிறது. 2014 இல் பரிசு பெற்றது இரா. நடராசனின் விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள். பழைய அரசன் அறிவியல் சொல்லத் திரும்பி வந்துவிட்டான். 2020 இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் என்னும் நூலில், நம் கொலுப் படியில் நிற்கும் மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசி, தீயவர் தொடுகையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் துணிவை அவளுக்கு ஊட்டுகிறது. 2023 இல் பரிசு பெற்ற உதயசங்கரின் ஆதனின் பொம்மையில், பொம்மை ஒன்றின் வழியே கீழடியின் தொன்மைக் காலத்துக்குச் செல்கிறான் இக்காலச் சிறுவன். 2025 இல் அப்பரிசு விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியாவுக்குக் கிடைத்தது.

விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகள் வாய் திறந்தது அரசனுக்கு நீதி உரைப்பதற்காக. இன்றைய பதுமைகள் வாய் திறப்பது சிறுமிக்குத் துணிவு உரைப்பதற்காகவும், சிறுவனுக்குத் தன் முன்னோரைக் காட்டுவதற்காகவும். கேட்பவர் மாறினார், பேசும் பதுமை மாறவில்லை. மாயக் கதை காலத்திற்கேற்ற உண்மையைச் சுமந்துவரும் பல்லக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். நம் நூலக அலமாரியில் ஒரு தட்டினைச் சிறுவர் மாயக் கதைகளுக்கென்றே ஒதுக்குதல் வேண்டும். மேற்சொன்ன நூல்களை வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவு, விழாப் பந்தலுக்கு ஒரு நாள் ஆகும் செலவைவிடக் குறைவே. சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணிநேரம், காலனியின் தாத்தாமாரும் பாட்டிமாரும் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதையை உரக்கப் படித்தல் வேண்டும். வினா எழும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, மீதியை நீயே படி என்று கையில் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவதாக, நம் அண்டைவீட்டுக் கன்னடக் குழந்தைகளையும் அக்கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் அறிந்த கதைகளை அவர்கள் மொழியில் சொல்லச் செய்தல் வேண்டும். துர்விநீதனும் கொங்குவேளிரும் வாழ்ந்த முறை அதுவேயாகும்.

வேதாளக் கதையின் முடிவை அன்பர்கள் அறிவார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் விடை சொல்லிவந்த அரசன், கடைசி வினாவுக்கு விடை தெரியாமல் வாய்மூடி நடந்தான். அந்த மௌனத்தில் குற்றமில்லை. தெரியாததற்கு மௌனம் சாதிக்கலாம். தெரிந்தும் வாய்மூடுபவன் தலைதான் வெடிக்கும் என்பது வேதாளத்தின் நிபந்தனை. நம் பிள்ளைகள் இன்று நம் தோளின்மீது அமர்ந்துகொண்டு, தமிழில் எனக்கு ஒரு கதை உண்டா என்று கேட்கிறார்கள். விடை நமக்குத் தெரியும். உண்டு என்று சொல்லி, புத்தகத்தை எடுத்துக் கொடுப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!